அட்டெய்ன்மென்ட் ஷீட்டில் தரம் எவ்வளவு?

பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிற நமக்கு என்பிஏ என்றால் கூடைப்பந்து ஞாபகம் வராது, எக்செல் ஷீட்தான் வரும். 1994-ல் ஏஐசிடிஇ என்கிற அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு தொடங்கிவைத்து, 2010-லிருந்து தன்னாட்சியாக இயங்குகிற தர அங்கீகார வாரியம் அது. டிகிரிக்கு மட்டுமல்ல, டிப்ளமோவுக்கும் அங்கீகாரம் தருகிறது. அவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். பாடம் முடித்தவனுக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும், தெரிந்ததா, இல்லையென்றால் அடுத்த முறை எதை மாற்றினீர்கள்?

கோளாறு நாம் பதில் சொல்கிற விதத்தில். சிஓ அட்டெய்ன்மென்ட், அதாவது ஒரு பாடத்தில் வர வேண்டிய திறன் மாணவர்களுக்கு எவ்வளவு வந்தது என்கிற கணக்கையே பாருங்கள். இத்தனை பேர் இத்தனை மார்க் தாண்டினால் உச்ச நிலையான லெவல் 3 என்று வரம்பு வைப்பது நாம், இன்டர்னல் டெஸ்ட்டுக்குக் கேள்வி எடுப்பது நாம், திருத்துவதும் நாம். கேள்வியைக் கொஞ்சம் இளக்கினால் போதும், தரம் தானாக ஏறிவிடும்! எல் ஸ்கீம், எம் ஸ்கீம், என் ஸ்கீம், இப்போது ஆர் 2023 என்று பாடத்திட்டம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது, ஒருத்தன் எழுதிய லேப் ரெக்கார்டை வகுப்பே பார்த்து எழுதுவது மட்டும் மாறவில்லை.

என்னைக் கேட்டால், ஃபீட்பேக் ஃபார்மை செமஸ்டர் கடைசியில் நீட்டுவதை முதலில் விட வேண்டும். அப்போது சொல்லி தனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று பையனுக்குத் தெரியும், எல்லாவற்றுக்கும் 'வெரி குட்' டிக் அடித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடிவிடுவான். நாலாவது வாரமே ஒரு துண்டுத் தாளில், பெயர் போடாமல், எந்த இடத்தில் புரியாமல் போச்சு என்று தமிழில் எழுதச் சொல்லுங்கள். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கே ஆங்கிலப் புத்தகத்தில் பிசிக்ஸ் படிப்பவனுக்கு இடறியது கணக்கா, வாக்கியமா என்று அப்போதுதான் தெரியும்.

அப்புறம், ப்ளேஸ்மென்ட். எத்தனை பேருக்கு வேலை என்று பேனர் கட்டுவதோடு சரி. அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் கம்பெனிகளில் சேர்ந்தவர்களை ஒரு வருஷம் கழித்துக் கூப்பிட்டு, ட்ராயிங் பார்க்கத் தெரிந்ததா, அளவெடுக்க வெர்னியர் பிடிக்கத் தெரிந்ததா, வேலையை விட்டிருந்தால் ஏன் என்று யாராவது கேட்கிறோமா?

நமக்குப் பயிற்சி கொடுக்கவென்றே தரமணியில் 1964-லிருந்து ஒரு மத்திய நிறுவனம் இருக்கிறது. போய்விட்டு வருகிறோம், சான்றிதழ் ஃபைலுக்குள் போகிறது. சக ஆசிரியர் பாடம் நடத்துவதைப் பக்கத்து வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கத்தான் கூச்சம். துறைத் தலைவரான ஹெச்ஓடி உட்கார்ந்தால் உளவு பார்க்க வந்தார் என்றுதான் பேசுவார்கள், அதனால் அவரை விட்டுவிட்டு ஒத்துப்போகிற இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஆரம்பிக்கலாம், அதற்கு ஆர்டர் எல்லாம் வேண்டியதில்லை.