வாப்பாவுக்கு வந்தது பார்க்கின்சன்தானா?

வாப்பாவிடம் நாங்கள் முதலில் கண்டது நடுக்கம் அல்ல, மந்தம். மருதமுனையில் வருசக்கணக்காகத் தறியில் இருந்த மனுசன், சட்டைப் பொத்தான் போடத் திணறினார். நடக்கும்போது வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டி நின்றது. கை நடுக்கம் அப்புறம்தான் வந்தது. வயசானால் வரும்தானே என்றார்கள் சொந்தக்காரர்கள்.

மட்டக்களப்பில் நரம்பியல் டொக்டரிடம் போனபோது ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அவரோ வாப்பாவின் கைகளை மடியில் வைக்கச் சொல்லி, நூறிலிருந்து பின்னோக்கி எண்ண வைத்தார். எண்ண எண்ண வலது கை நடுங்கியது. கையை நீட்டச் சொன்னதும் குறைந்தது. பார்க்கின்சன் என்பது உடம்பின் அசைவைக் குழப்பும் மூளை நோய். அதன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது வரும். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது இரண்டு கையும் நடுங்கினால் அது எசென்ஷியல் ட்ரெமராக இருக்கலாம். அது வேறு நோய், மருந்தும் வேறு. வாப்பா எழுதிய வரி போகப் போகச் சிறுத்தது, அதுவும் பார்க்கின்சன் பக்கமே காட்டியது.

பார்க்கின்சன் என்று சொல்ல நடுக்கம் மட்டும் போதாது. அசைவில் மந்தம் இருக்க வேண்டும், கூடவே ஓய்வு நடுக்கமோ தசை இறுக்கமோ இருக்க வேண்டும். இதை உறுதி செய்ய வழமையான இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. எம்ஆர்ஐ எடுப்பது பாரிசவாதம், மூளையில் நீர் தேங்குவது போன்றவற்றை விலக்கத்தான். 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியபோது, சிலரைத் தெருவில் கண்டே குறித்துக்கொண்டார். இன்றைக்கும் டொக்டரின் கண்ணும் கேள்விகளும்தான் பெரிய ஆயுதம்.

வாப்பா தூக்கத்தில் கத்துவாரா, உதைப்பாரா என்று டொக்டர் கேட்டார். உம்மா திகைத்துப் போனா. பல வருசமாக அப்படித்தான், கெட்ட கனவு என்றே விட்டிருந்தா. நடுக்கத்துக்குப் பல வருசம் முன்பே இது வரலாமாம்.

அடுத்த தவணைக்கு எல்லாக் குளிசையும் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பையில் சினரிசின் இருந்தது. தலைச்சுற்றுக்கு எப்போதோ எழுதிக் கொடுத்தது, பாமசியில் தொடர்ந்து வாங்கிப் போட்டு வந்திருக்கிறார். அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற இரசாயனத்தின் வேலையை மூளையில் தடுத்து, பார்க்கின்சன் போலவே காட்டக்கூடிய மருந்து அது. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் சில மனநோய் மருந்துகளும் இதையே செய்யும். டொக்டர் சினரிசினை நிறுத்தினார். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள்.

மருந்தின் தாக்கம் விலக மாதக்கணக்காகும் என்றார். எனக்குக் கஷ்டமான காலம் அதுதான். மருந்தால் வந்ததாகவே இருக்கட்டும் என்று துஆ கேட்டபடி இருந்தேன். இடது கையில் இருந்த இறுக்கம் இளகியது. வலது கை அப்படியே நின்றது. உள்ளே ஏற்கெனவே தொடங்கியிருந்த பார்க்கின்சனைத்தான் அந்தக் குளிசை முன்கூட்டி வெளிக்காட்டியிருக்கிறது.

பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா என்ற மருந்தைச் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினார்கள். பொத்தானை வாப்பா தானே போடுகிறார். அந்த முன்னேற்றம் நோயை இன்னும் உறுதிப்படுத்தியது. பார்க்கின்சனை ஒத்த பிஎஸ்பி, எம்எஸ்ஏ என்ற வேறு மூளை நோய்களில் லெவோடோபா பொதுவாக இவ்வளவு கைகொடுக்காது. ஆனாலும் ஒவ்வொரு கிளினிக்கிலும் டொக்டர் வாப்பாவைக் கண்ணை மேலும் கீழும் அசைக்கச் சொல்கிறார், பின்பக்கமாக விழுந்தாரா என்று கேட்கிறார், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்க்கிறார். அந்த நோய்கள் தொடக்கத்தில் பார்க்கின்சன் போலவே இருக்கும் என்பதால்தான்.