ஊற்றும் வாயும் அதன் விலையும்: வடிவமைப்பு நாட்குறிப்பு

ஜனவரி 8

ஒரு லிட்டர் எண்ணெய் பாட்டிலைச் சிந்தாமல் ஊற்றும்படி மாற்றியமைக்கும் வேலை இன்று தொடங்கியது. பாட்டிலைச் சாய்க்கும்போது வெளியேறும் திரவத்தின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே குறுகிய கழுத்துதான் வழி என்பதால் அவை மாறி மாறிப் போகின்றன. 'களக் களக்' என்ற ஒலியும் தாரையின் குலுக்கலும் அதனால்தான் உண்டாகின்றன. கழுத்தை அகலப்படுத்தினால் குலுக்கல் அடங்கும். ஆனால் ஒரு கரண்டி அளவு மட்டும் ஊற்ற நினைப்பவருக்குத் தாரை கட்டுப்படாது. எஞ்சின் ஆயில் டப்பாக்கள் பலவற்றில் வாய் ஓரமாக அமைந்திருக்கிறது. வாய் மேற்பக்கம் இருக்கும்படி பிடித்துச் சாய்த்தால், காற்று திரவத்துக்கு மேலாக நுழைந்துவிடும். இருந்தும் பலர் அதைக் கீழ்ப்பக்கமாகவே பிடிக்கிறார்கள். பிடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தாக வேண்டிய வடிவத்தை அன்றாடப் பயன்பாட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜனவரி 12

சொட்டு வழிவதுதான் எல்லாவற்றிலும் பெரிய சிக்கல். ஊற்றி முடிக்கும் தறுவாயில் தாரையின் வேகம் குறையும்போது, திரவம் விளிம்பை விட்டு விலக முடியாமல் அதைச் சுற்றிக்கொண்டு பாட்டிலின் வெளிப்புறமாக இறங்குகிறது. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் பெர்ல்மன், ஒயின் பாட்டிலின் விளிம்புக்குச் சற்றுக் கீழே சுமார் 2 மி.மீ. அகலமும் 1 மி.மீ. ஆழமும் கொண்ட பள்ளத்தைச் சுற்றிலும் வெட்டி இதைத் தடுக்கலாம் என்று காட்டியது 2017இல் செய்தியானது. கூடுதல் பாகம் எதுவும் வேண்டாத அந்தத் தீர்வின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் எண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீரினுடையதைவிட மிகக் குறைவு. அது பிளாஸ்டிக்கின் மேல் எளிதில் படர்ந்துவிடுவதால் பள்ளத்தை மட்டும் நம்ப இயலாது. விளிம்பே மெல்லியதாகவும் கூராகவும் வெளிநோக்கி விரிந்ததாகவும் இருக்க வேண்டும். தொழிற்சாலையின் தேவையோ இதற்கு நேர்மாறானது: வாயை மூடி ஒட்டப்படும் அலுமினியத் தாள் உறுதியாகப் பிடிக்க, விளிம்பு தட்டையாகவும் போதிய அகலத்துடனும் அமைய வேண்டும்.

ஜனவரி 13

கழுத்தின் திருகு அளவை மாற்றக் கூடாது என்பது உற்பத்திப் பிரிவின் நிபந்தனை. அது மாறினால் அச்சும், மூடியும், மூடி முறுக்கும் இயந்திரத்தின் பாகங்களும் சேர்ந்தே மாற வேண்டியிருக்கும். ஒப்புக்கொண்டோம்.

ஜனவரி 19

எஞ்சிய வழி, கழுத்துக்குள் அழுத்திப் பொருத்தும் தனி ஊற்றுமூக்கு. அதன் வளையத்தை இழுத்துத் திறக்கும் மெல்லிய சவ்வே சீலாகவும் இருப்பதால் அலுமினியத் தாள் தேவைப்படாது. விளிம்பையும் விரும்பியபடி கூராக்கலாம். ஆனால் பாகம் ஒன்று கூடுகிறது என்பதால், அது எந்தப் பொருளால் ஆனது என்பதில் கவனம் வேண்டும். எங்கள் பாட்டில் பெட் (PET) பிளாஸ்டிக்கால் ஆனது; அதன் அடர்த்தி தண்ணீரினுடையதைப்போல் சுமார் 1.38 மடங்கு என்பதால், மறுசுழற்சியின் தண்ணீர்த் தொட்டியில் அது மூழ்கும். பாலிஎத்திலீன் ஊற்றுமூக்கு மிதந்து தானாகவே பிரிந்துவிடும். சாஸ் பாட்டில்களில் காணப்படும் சிலிக்கோன் வால்வு, பாட்டிலை அழுத்தினால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். தள்ளினால்தான் நகரும் கெட்டியான சாஸுக்கு அது மிகப் பொருத்தம். எனினும் வழக்கமான சிலிக்கோன் தண்ணீரைவிடக் கனமானது; மூழ்கி, பெட்டுடன் கலந்துவிடும். தானாகவே ஓடும் எண்ணெய்க்காக அந்தக் கேட்டை ஏற்க வேண்டியதில்லை.

ஜனவரி 24

கைப்பிடி பற்றி நீண்ட விவாதம் நடந்தது. முழு பாட்டிலை ஒரு கையால் தூக்க முடியாதவர்களுக்கு அது பெரும் உதவி. ஆனால் பாலிஎத்திலீன் குழாயை ஊதி உருவாக்கும் முறையில் எளிதாகக் கிடைக்கும் உள்ளீடற்ற கைப்பிடி, பெட்டை நீட்டி ஊதும் முறையில் எளிதில் அமையாது. பக்கங்களில் ஆழமான பிடிகுழி போதும் என்பது பெரும்பான்மைக் கருத்து. எனக்கு அதில் முழு நிறைவில்லை. அடுக்கும் வசதியை மட்டும் பார்த்தால் என்னவாகும் என்பதற்கு, அமெரிக்காவில் 2008இல் பரவலாகப் பேசப்பட்ட சதுரப் பால் கேன் சான்று. கூடைகள் இல்லாமலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடிந்ததால் போக்குவரத்தில் மிச்சம் கிடைத்தது. வாங்கியவர்களோ ஊற்றும்போது சிந்துகிறது என்று முறையிட்டார்கள்.

ஜனவரி 30

பாலிஎத்திலீன் ஊற்றுமூக்கு, விரிந்த கூர் விளிம்பு, வழியும் துளியை உள்ளே திருப்பும் சிறு வாய்க்கால், பழைய திருகு, இருபுறமும் பிடிகுழி என்று முடிவாயிற்று. மாதிரிகள் வந்ததும், மூட்டுவலி உள்ளவர்களிடம் முழு பாட்டிலையும் கால்பங்கு மீந்த பாட்டிலையும் தனித்தனியே கொடுத்துப் பார்க்க வேண்டும். பிடிகுழி அவர்களுக்குப் போதாதென்றால், பாட்டிலையே பாலிஎத்திலீனுக்கு மாற்றிக் கைப்பிடி வைக்கும்படி கேட்பேன். உள்ளிருக்கும் எண்ணெய் தெளிவாகத் தெரியாது என்று விற்பனைப் பிரிவு மறுக்கக்கூடும். கை வலியில்லாமல் ஊற்ற முடிவதே எனக்கு முக்கியம்.