சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது

பழைய டெஸ்க்டாப்புக்குப் புது ப்ராசஸர் போட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மதர்போர்டை. விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து, பேஸ்போர்டு ப்ராடக்ட் (போர்டின் மாடல் பெயர்), பயாஸ் (கணினியைத் துவக்கும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) வெர்ஷன் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். போர்டிலேயே அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணும் வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தும் ரிவிஷன் மாறினால் பயாஸ் ஃபைல் மாறலாம். பிறகு போர்டு தயாரிப்பாளரின் சிபியு சப்போர்ட் பட்டியலில் உங்கள் ப்ராசஸருக்கு நேரே எந்த பயாஸ் வெர்ஷன் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த ஒரு வரிதான் முடிவு சொல்லும்.

ப்ராசஸர் உட்காரும் இடமான சாக்கெட்டின் பெயரை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இன்டெல் எல்ஜிஏ 1151 ஒன்றே போதும். 6, 7-ஆம் தலைமுறைக்கு 100, 200 வரிசை போர்டுகள். 8, 9-ஆம் தலைமுறைக்கு 300 வரிசை. மாற்றிப் போட்டால் சிப் அழகாக உட்காரும், ஆனால் பூட் ஆகாது.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் நிலைமை வேறு. பி450 போர்டில் ரைசன் 5 5600 ஓடும், பயாஸ் புதிதாக இருந்தால். பழைய பயாஸோடு மாட்டினால் ஃபேன் சுற்றும், திரை இருட்டாகவே இருக்கும். சிப் செத்துவிட்டது என்று பலர் திருப்பி அனுப்புவது இந்தக் கட்டத்தில்தான். அதனால் பழைய ப்ராசஸர் மாட்டியிருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள்: எஃப்ஏடி32 ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஃபைலைப் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் ஃப்ளாஷ் வசதி வழியாக. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயை முன்பே எடுத்துவைப்பது கட்டாயம். ப்ராசஸருக்குள்ளேயே டிபிஎம் (அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) இருக்கும் கணினிகளில் சிப் மாறியதும் கீ கேட்கும். இல்லையென்றால் டிஸ்க் திறக்காது.

கூலரைக் கழற்றும்போதும் கவனம் வேண்டும். ஏஎம்4-இல் பின்கள் சிப்பின் அடியில் இருக்கின்றன. சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்திருந்தால், லீவர் பூட்டியிருந்தும் கூலரோடு சிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின் வளையும். பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின் கேபிளை உருவிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, அது இளகிய பிறகு தூக்குங்கள்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் 5600-க்கும் 5600ஜி-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து வாங்க வேண்டும். முதலாவதில் டிஸ்ப்ளே வராது. இன்டெலில் எஃப் என்று முடியும் மாடல்களும் அப்படியே.

ரேமில் அதிகக் குழப்பமில்லை. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. அழுத்தி ஏற்றாதீர்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக் என்றால் பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து 2, 4-ஆவது.

எம்.2 எஸ்எஸ்டி மாட்டியதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் பதற வேண்டாம். சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட் நிரம்பினால் ஹார்ட் டிஸ்க் செருகும் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு அணைந்துவிடும். மேனுவலைப் பார்த்து வேறு போர்ட்டுக்கு மாற்றினால் வந்துவிடும்.

பவர் சப்ளை விஷயத்தில் வாட் கணக்கைவிட எனக்குப் பயம் தருவது கேபிள். கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் சப்ளையில், சப்ளைப் பக்கம் செருகும் முனைக்குப் பொதுவான தரம் கிடையாது. புது சப்ளையில் பழைய சப்ளையின் கேபிளைச் செருகினால் இறுக்கமாகவே உட்காரும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய் டிஸ்க் எரியும். சப்ளையை மாற்றினால் கேபிள்களையும் மொத்தமாக மாற்றுங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் தேவைக்கு ஒரு கணக்கு: ஸ்லாட் தருவது 75 வாட், 6 பின் 75, 8 பின் 150.

கார்டின் நீளத்தைக் கேஸின் விவரப் பக்கத்தோடு ஒப்பிடும்போது, முன்பக்கம் தண்ணீர் கூலரின் ரேடியேட்டர் இருந்தால் அதன் தடிமனையும் 25 மில்லிமீட்டர் ஃபேனையும் கழித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் போட்டிருக்கும் அளவு பல நேரம் ரேடியேட்டர் இல்லாத கேஸுக்கானது.