வீசலைத் தவிர எல்லாம் பார்த்தாயிற்று

என் வீட்டுக்காரருக்கு வீசல் பைத்தியம். வீசல் என்றால் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பனியில் ஓட்டிய, டாங்கி போல டிராக்கில் (பட்டையில்) ஓடும் எம்29 வண்டி. வேலூர் வெயிலில் பிறந்து வளர்ந்த மனிதருக்குப் பனி வண்டி மேல் எப்படி ஆசை வந்தது என்று கேட்காதீர்கள், கல்யாணமாகி பதினோரு வருடமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கராஜில் ஏற்கெனவே அரை வீசல் இருக்கிறது. மீதி அரையைத் தேடித்தான் போன ஆகஸ்ட் கடைசியில் சியாட்டிலிலிருந்து டிரெய்லரை மாட்டிக்கொண்டு மொன்டானாவுக்குக் கிளம்பினோம். ஐ-90 நெடுஞ்சாலையில் மிசூலா வரை ஒரு நாள். அங்கிருந்து 200ஆம் சாலையில் ஓவாண்டோ, லிங்கன் வழியாக ஹெலினா. வழியில் மூன்று பண்ணைகளில் பழைய வீசல் கிடப்பதாகத் தகவல்.

ஏன் மொன்டானா என்றால், இந்த வண்டியின் கதையே அங்கேதான் முடிச்சு விழுகிறது. ஜெஃப்ரி பைக் என்ற பிரிட்டிஷ்காரர் (பனிக்கட்டியில் விமானம் தாங்கிக் கப்பல் கட்டலாம் என்று சொன்ன அதே ஆள்) நார்வேயில் ஜெர்மானியர்களைப் பனி வண்டியில் போய் அடிக்கலாம் என்று திட்டம் கொடுத்தார். அதற்காக 1942 ஜூலையில் அமெரிக்கர்களும் கனடாக்காரர்களும் சேர்ந்த ஒரு படையை ஹெலினா பக்கத்தில் ஃபோர்ட் வில்லியம் ஹென்றி ஹாரிசனில் அமைத்தார்கள். வண்டியை ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனி செய்து கொடுத்தது. நார்வே திட்டம் கைவிடப்பட்டது, ஆனால் வண்டி நிற்கவில்லை, சுமார் 15,000 செய்தார்கள். போர் முடிந்ததும் மிஞ்சியதை ராணுவம் விற்க, பனியில் மின்கம்பி பார்க்கிறவர்களும் பண்ணைக்காரர்களும் வாங்கிப் போனார்கள். அப்படிப் போனவற்றில் பல இன்னும் ஏதோ ஒரு கொட்டகையில் கிடக்கின்றன, அதாவது எலிகளுக்கு வாடகையில்லாத வீடாக.

கிளம்பும்போது எனக்குக் கரடி பயம் மட்டும்தான். 2021 ஜூலையில் ஓவாண்டோவில் கூடாரத்தில் தூங்கிய ஒரு சைக்கிள் பயணியை கிரிஸ்லி கரடி கொன்றது நினைவிருந்தது. கரடி ஸ்பிரே இரண்டு டப்பா வாங்கி இடுப்பில் ஒன்று, காரில் ஒன்று என்று வைத்திருந்தேன். நான்கு நாளில் ஒரு கரடியும் எங்களைச் சட்டை செய்யவில்லை.

முதல் பண்ணையில் குளவி. வீசலின் உடம்பு ஒரு தகரத் தொட்டி மாதிரி, தண்ணீர் புகாதபடி. அதன் தரைத்தகட்டுக்கு அடியில் குளவிகள் கூடு கட்டியிருந்தன. இவர் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார், பிறகு ஓடினார். மூன்று கொட்டு. வண்டியும் துருப்பிடித்து ஓட்டை. போகட்டும்.

இரண்டாவது இடம் லிங்கனுக்குச் சற்று முன்னால். இது போருக்குப் பிறகு யாரோ பிளைவுட்டில் கேபின் கட்டிய வண்டி. கேபின் கதவின் கீழ்ப்பாதியைக் காணோம். முள்ளம்பன்றி தின்றுவிட்டது என்றார் பண்ணைக்கார அம்மா, ஏதோ மாடு வைக்கோல் தின்றது போல. நான் சிரித்தேன். அவர் கொட்டகைச் சுவரில் சாய்த்திருந்த கோடரியைக் காட்டினார், கைப்பிடி நடுவில் சோளக்கதிர் மாதிரி கொறிபட்டிருந்தது. கை வியர்வையில் உப்பு இருக்கிறதல்லவா, அதற்காகக் கடிக்குமாம். பிளைவுட்டில் இருக்கும் பசையும் அதற்குப் பிடிக்கும். உப்புக்காக ரப்பர் குழாயையும் விடாது.

அந்த வண்டியின் பின்பக்கம் தார்பாலின் போட்டு மூடியிருந்தது. இவர் அதை உருவினார். உள்ளே கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒரு அழகான பிராணி. முன்னங்கால்களைத் தரையில் தட் தட் என்று தட்டியது.

"ஏம்மா, இங்க பாரேன், டான்ஸ் ஆடுது."

"ஏங்க, அது ஸ்கங்க்குங்க, பின்னால வாங்க!"

காலைத் தட்டுவது கடைசி எச்சரிக்கை. அதற்கப்புறம் வாலைத் தூக்கி, நாறும் திரவத்தைப் பீய்ச்சும். தூக்கியது. அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. எரிந்த ரப்பர், அழுகிய பூண்டு, கேஸ் கசிவு மூன்றையும் கண்ணுக்குள் ஊற்றிய மாதிரி என்றாலும் பாதிதான்.

தக்காளிச் சாறு தடவச் சொன்னார் அந்த அம்மா. அது நாற்றத்தை எடுக்காது, மூக்கைக் கொஞ்சம் ஏமாற்றும், அவ்வளவுதான். பால் கிரேபாம் என்ற வேதியியலாளர் 1993இல் சொன்ன கலவைதான் சரியான மருந்து: ஒரு லிட்டர் போல 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, கால் கப் பேக்கிங் சோடா, ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் சோப்பு. நாற்றத்துக்குக் காரணமான தயால் என்ற கந்தகச் சேர்மங்களை அது மாற்றிவிடும். கலந்த உடனே பயன்படுத்த வேண்டும், மூடி போட்டு வைத்தால் பாட்டில் வெடிக்கும். லிங்கனுக்கு நான்தான் கார் ஓட்டிப் போய் எல்லாம் வாங்கி வந்தேன். அவரைப் பண்ணை வாசலிலேயே நிற்கவைத்துக் குளிப்பாட்டினேன். சட்டையை அங்கேயே புதைத்தோம். தலைமுடி கொஞ்சம் செம்பட்டையானது. அது இன்னும் இருக்கிறது.

மூன்றாவது வண்டி ஹெலினாவுக்கு வடக்கே. அதுதான் நல்ல வண்டி. ஸ்டூடிபேக்கர் சாம்பியன் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சின் அப்படியே இருந்தது. எஃகுக் கம்பி வைத்த ரப்பர் பட்டைதான் இதன் டிராக்கில் முதலில் போகும், அதுவும் பரவாயில்லை. ஆனால் எஞ்சின் இருக்கும் வலதுபக்கம் திறந்தால் ஒரு வைக்கோல் போர். குச்சி, பைன் காய், எலும்பு, செய்தித்தாள், ஒரு பொம்மைக் கை. பேக் ராட் என்கிற காட்டெலியின் வீடு. இது நம் வீட்டு எலி மாதிரி இல்லை. பெரியது, வாலில் அணில் போல முடி. எதையாவது வாயில் கவ்விக்கொண்டு போகும், வழியில் பளபளப்பாக ஒன்றைப் பார்த்தால் முதலில் எடுத்ததைக் கீழே போட்டுவிட்டு அதை எடுத்துப் போகும். பண்டமாற்று. வறண்ட குகைகளில் இவற்றின் குப்பைக் குவியல்கள் சிறுநீர் இறுகி ஆயிரக்கணக்கான வருடம் கெடாமல் நிற்கின்றன, அதைக் குடைந்து அந்தக் காலத்தில் என்ன மரம் இருந்தது என்று ஆராய்ச்சி செய்கிறார்கள். படிக்க நன்றாக இருக்கும். கையால் அள்ள நன்றாக இருக்காது.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். இந்தப் பக்கத்து மான் எலி என்ற சுண்டெலிகளின் எச்சத்தில் ஹான்டா வைரஸ் இருக்கலாம், 1993இல் அமெரிக்காவின் தென்மேற்கில் திடகாத்திரமான இளைஞர்கள் மூச்சுத் திணறி இறந்தபோதுதான் இந்த வகையைக் கண்டுபிடித்தார்கள். பெருக்கக் கூடாது, தூசி கிளம்பும். பிளீச் கலந்த தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, கையுறையும் என்95 முகமூடியும் போட்டுத் துடைத்து எடுக்க வேண்டும். இவர் "சும்மா ஊதினா போயிடும்" என்றார். அவரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு நானே செய்தேன். ஆனால் அடியில் கை எட்டாத மூலையை விட்டுவிட்டேன், தப்பு என்னுடையதுதான்.

அன்று இரவு கருவிப்பெட்டியைக் கொட்டகையிலேயே திறந்து வைத்திருந்தோம். காலையில் நட்டு கழற்றுகிற அரை அங்குல சாக்கெட்டைக் காணோம். அந்த இடத்தில் ஒரு துண்டு காய்ந்த மாட்டு வரட்டி. இவர் அதை எடுத்து முகர்ந்து பார்த்து, "நியாயமான வியாபாரம் இல்லையே" என்று வருத்தப்பட்டார்.

விலையை எழுத மாட்டேன், மாமியார் இதைப் படிப்பார். வண்டியை டிரெய்லரில் ஏற்றி, ஜன்னலை எல்லாம் திறந்துவைத்து (ஸ்கங்க் வாசனை), வந்த வழியே திரும்பினோம். சியாட்டில் வந்து சேரும்போது நள்ளிரவு. வீசலை வாசலில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனோம்.

மூன்று நாள் கழித்து என் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். ஒயரிங் கொறிபட்டிருந்தது. பேட்டரிக்குப் பின்னால் புதிதாகக் குச்சிகளும் வேலியோரத்து இலைகளும் சேர்த்து ஒரு சின்ன வீடு, அதன் நடுவில் எங்கள் அரை அங்குல சாக்கெட். இவர் அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். எலியை இன்னும் பிடிக்கவில்லை.