ஆயித்தியமலை நடையும் மச்சானிட லத்தீன் பூசையும்

செப்டம்பர் பிறந்தா எங்கட மட்டக்களப்பு வேதக்காரருக்கு ஆயித்தியமலைதான். சதாசகாய மாதாட திருநாளுக்கு டவுனால நடந்து போற கூட்டத்தில சைவ ஆக்களும் நேத்தி வச்சி வருவாங்க, அதெல்லாம் இஞ்ச ஒரு விசயமே இல்ல.

இந்த முறை சுவிஸ்ல இருந்து மச்சானும் வந்திருந்தார், கையில கறுப்பு மட்டை போட்ட 1962ம் ஆண்டுப் பூசைப் புத்தகம், ஒரு பக்கம் லத்தீன் மத்தப் பக்கம் பிரெஞ்சு. வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் ஏற கச்சான் காத்து மண்ணை அள்ளி மூஞ்சில அடிக்குது, முன்னால பொடியன்மார் ஸ்பீக்கரில செபமாலை சொல்லிக்கொண்டு போறாங்க, மச்சான் அதுக்குள்ள லெஃபேவ்ர் ஆண்டகை எண்ட பிரெஞ்சு ஆயர்ட கதையைத் தொடங்கிட்டார். சுவிஸ்ல 1970ல பத்தாம் பயஸ் எண்ட குருமார் சபையத் தொடங்கி எக்கோன் எண்ட இடத்தில குருமடம் வச்சவர், ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த புதுப் பூசை வேணாம், பழைய லத்தீன் பூசைதான் எண்டு நிண்டவர், 1976ல ரோமாபுரி அவர பூசை வைக்கக் கூடாது எண்டு நிப்பாட்டினது. மச்சானுக்கு அந்தச் சபைக் கோயில்தான் இப்ப எல்லாம். "இஞ்ச கிற்றார் அடிச்சி கைதட்டிப் பூசை வைக்கிறாங்க, அங்க வந்து பாருங்க, ஒரு சத்தம் கிடையாது, எல்லாரும் முழங்கால்ல."

எங்களோட வந்த மாமிக்கு நல்ல வயசு, லத்தீன் பூசை கண்ட ஆள். மச்சான் சும்மா, பூசையில சுவாமி சொல்ற மாதிரி "தோமினுஸ் வோபீஸ்கும்" எண்டார், மாமி டக்கெண்டு "எத் கும் ஸ்பீரித்து துவோ" எண்டு பதில் சொல்லிட்டா, செருப்பக் கையில தூக்கிக்கொண்டு நடந்தபடிதான். மறுகா சொன்னா, "வடிவுதான் மனே, ஆனா சுவாமிட முதுகு மட்டும்தான் தெரியும், நாங்க பின்னால இருந்து செபமாலை உருட்டுவம், மணி அடிச்சா தலையக் குனிவம்."

பழைய பூசை வடிவு எண்டதில எனக்கும் சண்டை இல்ல. கொழும்பு மல்கம் றஞ்சித் கர்தினாலே அதுக்கு ஆதரவாப் பேசினவர்தான். பதினாறாம் பெனடிக்ட் பாப்பரசர் 2007ல தாராளமா அனுமதி குடுத்தார், பிரான்சிஸ் பாப்பரசர் 2021ல அத இறுக்கிப்போட்டார், அதால மனசு நொந்த ஆக்கள் சும்மா அடம்பிடிக்கிற ஆக்கள் இல்ல, அத நான் மச்சானுக்கே சொன்னன்.

ஆனா 1988 எனக்குச் செமிக்கிறதில்ல. மே 5ம் திகதி லெஃபேவ்ர் ஆண்டகை ரோமாபுரியோட உடன்படிக்கையில கையெழுத்து வச்சார், அடுத்த நாளே பின்வாங்கிட்டார், ஜூன் 30ம் திகதி பாப்பரசர் வேணாம் எண்டு சொல்லச் சொல்ல நாலு பேரை ஆயராக்கினார், அவரையும் அந்த நாலு பேரையும் திருச்சபைக்குப் புறம்பாக்கினாங்க. அந்த நாலு பேரிட தண்டனைய 2009ல நீக்கினாங்க, 2015ல இருந்து அவங்கட குருமாரிட்ட பாவசங்கீர்த்தனம் செய்யவும் அனுமதி இருக்கு, எண்டாலும் விசயம் முழுசா முடியல்ல.

தண்ணிப்பந்தலடியில மோர் வாங்கிக் குடிச்சிக்கொண்டு மச்சானிட்ட கேட்டன், உங்கட சுவாமிமார் பூசையில பாப்பரசர்ட பேரச் சொல்றாங்களா எண்டு. ஓம், அந்த இடத்து ஆயர்ட பேரும் சொல்லுவாங்களாம். அப்ப அந்த ஆயர் ஒண்டச் செய்யாத எண்டு சொன்னா? அதுக்கு அவர், "விசுவாசத்துக்கு ஆபத்து எண்டா கீழ்ப்படியத் தேவையில்ல" எண்டார். எது ஆபத்து எண்டு ஆர் முடிவெடுக்கிற? அதுக்கும் அவங்கதானே!

புளியந்தீவுப் பேராலயத்தில குருப்பட்டம் பாத்த ஆக்களுக்குத் தெரியும். அந்தப் பொடியன் ஆயருக்கு முன்னால முழங்கால்ல நிண்டு, கூப்பின கைய ஆயர்ட ரெண்டு கைக்குள்ள குடுத்துத்தான் கீழ்ப்படியிறன் எண்டு வாக்குக் குடுக்கிற, இந்த ஆயருக்கு மட்டுமில்ல, இனி வாற ஆயர்மாருக்கும். பிடிச்ச ஆயர் வந்தாத்தான் கீழ்ப்படிவன் எண்டு அதில இல்லயே.

இது பழமைக்காரருக்கு மட்டும் வாற சோதனையும் இல்ல. எங்கட நாட்டுத் திஸ்ஸ பாலசூரிய சுவாமி மத்தக் கரை, புதுசாச் சிந்திச்ச மனுசன், மாதாவப் பத்தி எழுதின புத்தகத்தால 1997 ஜனவரில திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார், ஒரு வருசத்தில சமாதானமாகி உள்ளுக்கு வந்தார். வேற ஆயரத் தேடிப் போகல்ல. அதிகாரத்தில இருக்கிற ஆக்கள் எல்லா நேரமும் நியாயமா நடக்கிறாங்க எண்டு நான் சொல்ல வரல்ல, பின்னேரம் வரைக்கும் இருந்து எங்கட பங்குக் கதை கேட்டா உங்களுக்கே விளங்கும்.

மலையடிக்குப் போய்ச் சேர காலெல்லாம் கொப்புளம். மரத்துக்குக் கீழ பிளாஸ்டிக் கதிரை போட்டு சுவாமிமார் வரிசையாப் பாவசங்கீர்த்தனம் கேக்கிறாங்க, மச்சான் கொஞ்சம் தயங்கிப்போட்டு எங்கட மறைமாவட்டச் சுவாமி ஒராளிட்டப் போய் முழங்கால்ல நிண்டார், நான் ஒண்டும் கேக்கல்ல.

இரவு கொத்துரொட்டி திண்டுகொண்டிருக்கக்குள்ளதான் பேதுரு சபையப் பத்திச் சொன்னன். 1988ல அந்த நாலு பேருக்குப் பட்டம் குடுத்த உடனே, லெஃபேவ்ர் ஆண்டகைய விட்டுப் பிரிஞ்ச குருமார் தொடங்கினது, அதே லத்தீன், அதே புத்தகம், ஆனா பாப்பரசருக்குக் கீழ, தலைமையகமும் சுவிஸ்லதான், ஃபிரிபூர்க்ல. மச்சானுக்கு அது நல்லாவே தெரியுமாம். "தெரியும் கா, ஆனா மத்தக் கோயில்தான் வீட்டுக்குக் கிட்ட, பார்க்கிங்கும் ஈசி" எண்டார். மாமி சிரிச்ச சிரிப்பில பக்கத்துப் பாயில படுத்திருந்த ஆக்களும் எழும்பிட்டாங்க.