மொன்செராட் மடத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன்

பார்சிலோனாவின் எஸ்பான்யா சதுக்கத்திலிருந்து ஆர்5 ரயில், சுமார் ஒரு மணி நேரம். மடம் மலைமேல் இருக்கிறது. அங்கிருந்து மேலேற ரோப் காரோ, பற்சக்கரத்தால் மலையேறும் பல்சக்கர ரயிலோ வேண்டும். குழப்பமெல்லாம் இறங்குமிடத்தில்தான். ரோப் காருக்கு ஏரி நிலையம். பல்சக்கர ரயிலுக்கு அதற்கடுத்த மொனிஸ்ட்ரோல். ஒன்றுக்கு எடுத்த கூட்டு டிக்கெட் மற்றதில் செல்லாது. பலத்த காற்றடித்தால் ரோப் கார் நின்றுவிடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பல்சக்கர ரயிலே மேல்.

பெனடிக்ட் சபை என்ற கத்தோலிக்கத் துறவியரின் இந்த மடம் 1025இல் தொடங்கியது. 1811இல் நெப்போலியன் படை தரைமட்டமாக்கியதால், இன்று பார்ப்பதில் பெரும்பகுதி பிற்காலத்து வேலை. இங்குள்ள கருப்பு மாதா சிலையோ 12ஆம் நூற்றாண்டு மரச்சிற்பம். கண்ணாடிக்குள் இருப்பாள், உருண்டை ஏந்திய கை மட்டும் வெளியே, தொட்டு வணங்கலாம். முன்பதிவு செய்துவிடுங்கள்.

மடத்தின் சிறுவர் பாடகர் குழுவைக் கேட்கத்தான் போகிறீர்கள் என்றால் சனிக்கிழமையைத் தவிருங்கள், வழக்கமாக அன்று பாடமாட்டார்கள். கோடை விடுமுறையிலும்தான். சுமார் 720 மீட்டர் உயரம், ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.