ஸ்கிரிப்ட் ஓடியதா என்று சர்வருக்கு எப்படித் தெரியும்?

ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில் இருக்கிறது சுங்கை சிப்புட். பட்டணத்துக்குள் போனில் லைன் நன்றாகக் கிடைக்கும். தோட்டத்துப் பக்கம் திரும்பி, இருபுறமும் செம்பனை சூழ்ந்துகொண்டால் அது வருவதும் போவதுமாக இருக்கும். தோட்டப் பிள்ளைகளுக்கான கல்வி உதவி நிதி விண்ணப்பங்களை எங்கள் அலுவலகம் இணையத்தில் வாங்குகிறது. அதன் சர்வர் வேலை என் பொறுப்பு.

"தம்பி, எல்லாத்தையும் எழுதிட்டேன். அமுக்கினா பிள்ளையோட பொறந்த தேதி இல்லன்னு திருப்பித் திருப்பிச் சொல்லுது. அதுக்குக் கட்டமே இல்லையே?" என்று தோட்டத்திலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். அவர் சொன்னது சரி. பாரத்தில் அப்படி ஒரு கட்டம் கண்ணுக்குத் தெரியாது. அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். முதல் 6 இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். பக்கத்தோடு வந்து போனிலேயே ஓடும் சிறு நிரலான ஜாவாஸ்கிரிப்ட் (சுருக்கமாக ஸ்கிரிப்ட்) அதை எடுத்து, மறைவாக வைத்த கட்டத்தில் போட்டுவிடும். அன்று அது போடவில்லை.

பிரவுசருக்கு ஸ்கிரிப்ட் ஓட்டத் தெரியுமா என்று சர்வரே பார்த்துக்கொள்ளலாமே என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். ஆனால் பக்கத்தைக் கேட்டு வரும் முதல் கோரிக்கையில் அதற்கு விடை கிடையாது. பிரவுசரின் பெயரும் பதிப்பும் வரும். சர்வர் பக்கத்து நிரல்களை எழுதும் மொழியான பிஎச்பியில் அந்தப் பெயரைப் பட்டியலில் தேடி, இந்த ரகத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியும் என்று சொல்லும் வசதிகூட இருக்கிறது. அது ரகத்தைப் பற்றிய சேதி. எதிரே இருக்கும் போனில் ஸ்கிரிப்டை அணைத்து வைத்திருக்கிறார்களா என்பதை அது சொல்லாது. ஓடிய ஸ்கிரிப்டே திரும்பி வந்து ஓடினேன் என்று சொன்னால்தான் உண்டு.

ஸ்கிரிப்ட் அணைத்திருந்தால் மட்டும் கண்ணுக்குத் தெரியும் நோஸ்கிரிப்ட் என்ற குறியீட்டுக்குள் ஓர் எச்சரிக்கை எழுதி வைத்திருந்தோம். அக்காவுக்கு அது தெரியவே இல்லை. ஏனென்றால் அவர் போனில் ஸ்கிரிப்ட் அணைக்கப்படவில்லை. பக்கம் வந்து சேர்ந்தது, ஸ்கிரிப்ட் கோப்புதான் வழியில் நின்றுவிட்டது. 2013-இல் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் இதை அளந்து பார்த்தார்கள். எல்லாரும் இறக்கும் ஒரு படம், ஸ்கிரிப்ட் ஓடினால் இறங்கும் ஒரு படம், நோஸ்கிரிப்டுக்குள் ஒரு படம் என்று மூன்று வைத்து எண்ணினார்கள். ஸ்கிரிப்ட் கிடைக்காதவர்கள் 1.1 விழுக்காடு. அதில் 0.2 விழுக்காட்டினர்தான் அணைத்து வைத்தவர்கள் அல்லது ஸ்கிரிப்ட் தெரியாத பிரவுசர் வைத்திருந்தவர்கள். மீதி 0.9 விழுக்காட்டினருக்கு ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை. எங்கள் தோட்டத்து ஜனங்கள் அந்த 0.9-இல் இருப்பவர்கள்.

அப்புறம் குக்கி வழி. பிரவுசர் சேமித்து வைத்து, கோரிக்கையோடு சர்வருக்கு அனுப்பும் சிறு குறிப்புதான் குக்கி. ஸ்கிரிப்ட் ஓடினால் ஒரு குக்கி எழுதும், அடுத்த கோரிக்கையில் சர்வர் அதைப் பார்க்கும். பல இடங்களில் இதைத்தான் செய்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. காலையில் பட்டணத்துக் கடையில் நின்று பக்கத்தைத் திறந்தவருக்கு ஸ்கிரிப்ட் ஓடி, குக்கியும் விழுந்துவிடும். சாயங்காலம் தோட்டத்து வீட்டில் உட்கார்ந்து பாரத்தைத் திறக்கும்போது கோப்பு வராது. பழைய குக்கியை நம்பி, ஸ்கிரிப்ட் இல்லாமல் நடக்காத பக்கத்தைச் சர்வர் அனுப்பிவிடும். காலையில் கிடைத்த பதில் சாயங்காலத்துக்குச் செல்லாது. அதனால் ஒவ்வொரு பாரத்திலும் தனியாகக் கேட்க வேண்டும்.

இப்போது பாரத்திலேயே மறைவாக ஓர் அடையாளம் வைத்திருக்கிறோம். சர்வர் அதை 0 என்று அனுப்பும், ஸ்கிரிப்ட் ஓடினால் 1 ஆக்கும். பிறந்த தேதியை எப்படியும் சர்வரே எடுத்துக்கொள்கிறது. எந்தப் பாரத்தில் எத்தனை பேர் இப்படித் தவிக்கிறார்கள் என்று நாங்கள் பார்ப்பதற்குத்தான் அந்த அடையாளம். விண்ணப்பம் போகுமா போகாதா என்பதை அது தீர்மானிக்கக் கூடாது.

சம்பளச் சீட்டின் படம்தான் கூடுதல் வேலை வாங்கியது. ஸ்கிரிப்ட் ஓடினால் படத்தைச் சுருக்கி அனுப்பும். ஓடாவிட்டால் போன் எடுத்த முழு அளவில் வரும். பிஎச்பி தானாக அனுமதிக்கும் கோப்பு 2 எம்பி, முழுப் பாரமும் சேர்த்து 8 எம்பி. அந்த 8-ஐத் தாண்டினால் படம் மட்டுமல்ல, எழுதிய அத்தனை கட்டங்களும் காலியாக வந்து சேரும், எங்கள் 0-வும் சேர்த்து. அப்போது பெயர் இல்லை, எண் இல்லை என்று சொல்லித் திருப்பினால் எழுதியவருக்கு எப்படி இருக்கும்? எனவே அடையாளமே வராத பாரத்தை இப்போது தனியாகப் பார்க்கிறோம். படம் பெரிது என்று நேராகச் சொல்லிவிடுகிறோம். அளவு வரம்பையும் கூட்டினோம். படத்துக்கு வேறு பக்கம் போட்டாயிற்று. எழுதியது முதலில் சேமிக்கப்படும், அதன் பிறகே படம் கேட்போம். லைன் கிடைக்காதவர்கள் பட்டணத்துக்குச் சாமான் வாங்க வரும்போது அனுப்பலாம், கவுண்டரில் சீட்டாகவே கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறோம்.